பரமலிங்கத்தின் வரைபடத்தில் கணபதியின் பயறு

ராஜினியை முதல் தடவை பார்க்கிறவர்கள் அவளுக்குக் கழுத்து நோவு என்று நினைப்பார்கள். நடக்கும்போது கண் நிலத்தை விட்டு எழும்பாது. கழுத்தில் ஒன்றுமில்லை. ஒன்பது வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவள். முழங்காலில் இருந்து, ஒரு முழ நிலத்தைப் பொறுமையாகக் கிண்டிப் பார்த்து, துப்புரவு என்று கண்ட பிறகுதான் அடுத்த முழத்துக்குப் போவாள். அப்படிப்பட்டவளுக்குக் கடைசியில் ஆகாயத்தில் தொழில் வாய்த்தது என்றால், பிரமன் அவள் தலையெழுத்தைச் சிரித்துக்கொண்டுதான் எழுதியிருக்க வேண்டும்.

வெடி எடுக்க வேண்டிய நிலம் குறையக் குறைய, நிறுவனம் ஆட்களையும் குறைத்தது. ராஜினிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. புருசன் இல்லை. படிக்கிற மகள் ஒருத்தி, கிருசாந்தி. அந்த நேரம் கொழும்புக் கம்பனி ஒன்று விசுவமடுவுக்கு வந்து, வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் ஓட்டப் பழக்குவதாகச் சொன்னது. பழகப் போன பன்னிரண்டு பேரில் இவள் ஒருத்திதான் பெண். முதலாவதாகத் தேறியவளும் இவள்தான். கம்பனி ட்ரோனைக் கொடுத்தது. அடிக்கிற ஏக்கருக்கு இவ்வளவு என்று அவர்களுக்கு ஒரு பங்கு. பதிவு, இலக்கம், விமானத்துறை அனுமதி எல்லாம் முறைப்படி எடுத்தாள்.

ஊர் முதலில் சிரித்தது. ட்ரோன் ஈயைப் போல இரைகிறதென்று "இலையான்காரி" என்று பட்டமும் வைத்தது. பிறகு கூலிக்கு மருந்தடிக்க ஆள் கிடைக்காத காலம் வந்ததும், அதே வாய்கள், "பிள்ளை, நாளைக்கு எங்கடை பக்கம் உந்த இலையானை ஒருக்கா விடுவியே?" என்று குழைந்தன. நானும் அப்படிக் குழைந்தவன்தான்.

என் பெயர் ராஜரத்தினம். கமநல சேவை நிலையத்தில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன். சனிக்கிழமைகளில் மத்தியஸ்த சபையில் இருக்கிறேன். ஊரவர் பழைய பழக்கத்தில் இணக்கசபை என்பார்கள். சட்டம் படித்தவன் அல்ல. அதோடு எனக்கு முன்கோபமும் உண்டு. மற்றவர்களை இணங்க வைக்க என்னை நியமித்ததை என் மனைவி இன்றைக்கும் ஒரு பகிடியாகத்தான் எடுத்துக்கொள்கிறாள்.

ராஜினியின் வேலை முறையைச் சொன்னால்தான் நடந்தது விளங்கும். ஒரு வயலுக்கு முதல் தடவை போகும்போது போனைக் கையில் பிடித்துக்கொண்டு வரம்பைச் சுற்றி நடப்பாள். நடந்த தடம் போனில் வரைபடமாகப் பதியும். அதன் மேலே காணிக்காரரின் பெயரைப் போடுவாள். அடுத்த தடவை அந்தப் பெயரை அழுத்தினால் போதும், ட்ரோன் தானாக எழும்பி, வரைபடத்துக்குள் மட்டும் அடித்துவிட்டுத் திரும்பி வரும். ஆனாலும் அவள் ஒவ்வொரு தடவையும் வரம்பைச் சுற்றி நடப்பாள். "அதுதான் படத்திலை கிடக்கே பிள்ளை" என்றால், "படம் போன போகத்தினதை எல்லோ சொல்லும்" என்பாள்.

போன வருடம் சிறுபோகத்துக்கு, கோடை விதைப்புக்கு, குளத்தில் பாதித் தண்ணீரும் இல்லை. அப்படியான வருடங்களில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குளத்துக்குக் கிட்டவுள்ள வயல்களை மட்டும் விதைப்பது, அந்த வயல்களையும் எல்லாருக்குமாகப் பங்கு போடுவது. மேல்பக்கத்துக் காணிக்காரர் பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டு, மற்றப் பாதியைத் தண்ணீர் எட்டாத கடைசிக் காணிக்காரர் ஒருவருக்கு அந்த ஒரு போகத்துக்கு விடுவார். போகம் முடிந்ததும் காணி அவரிடமே திரும்பும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானித்து எழுதிவிட்டால் பிறகு அதில் கதையில்லை.

அந்தக் கூட்டத்தில் பரமலிங்கத்தின் இரண்டு ஏக்கரில் மேட்டுப் பக்கத்து ஏக்கர் கணபதிக்கு என்று முடிவாயிற்று. பரமலிங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்த குடும்பம். காணி, அதற்கு அரசாங்கப் பெர்மிற், கல்வீடு எல்லாம் தகப்பன் காலத்திலேயே ஆகிவிட்டது. கணபதி மலையகத்து ஆள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தாய் தகப்பனுடன் இந்தப் பக்கம் வந்தவர். வாய்க்கால் முடிகிற இடத்தில் பற்றை வெட்டித் திருத்திய முக்கால் ஏக்கரை, இடம்பெயர்ந்த காலத்தைக் கழித்தால், முப்பது வருடமாகச் செய்கிறார். பெர்மிற்றுக்கு அவர் கொடுத்த விண்ணப்பங்களுக்குக் கணக்கில்லை. "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில்தான் வரும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. கமக்காரர் அமைப்பு மட்டும் அவரை ஒரு விவசாயியாகக் கணக்கெடுத்தது.

தண்ணீர் குறைவென்பதால் கணபதி மேட்டு ஏக்கரில் பயறு போட்டார். பரமலிங்கம் பள்ளப் பக்கத்தில் நெல் விதைத்தார். நெல்லுக்குள் அகன்ற இலைக் களை எழும்பியது. பரமலிங்கம் ராஜினிக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, நான் கொக்கிளாயிலை ஒரு செத்தவீட்டுக்குப் போறன். நீ வழமை மாதிரி அடிச்சு விடு" என்றார்.

அன்றைக்கு ராஜினிக்கு ஐந்து வயல். எட்டரைக்குப் பிறகு காற்று எழும்பிவிடும் என்பதால் விடியற்காலையிலேயே தொடங்கினாள். நாலாவது வயல் பரமலிங்கத்தினது. வாய்க்கால் கட்டில் நின்று மருந்தைக் கலந்தாள். வரம்பைச் சுற்றி நடக்கவில்லை. ஒன்பது வருடமும் அதற்குப் பிறகு மூன்று வருடமும் நடந்தவள் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நடக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். போனில் "பரமலிங்கம்" என்ற பெயரை அழுத்தினாள். அது மாரியில் விதைத்த காலபோகத்துப் படம், இரண்டு ஏக்கரும் ஒன்றாய்க் கிடந்த படம். ட்ரோன் தன் கடமையை ஒரு குறையும் இல்லாமல் செய்தது.

நெல்லை விட்டு அகன்ற இலையை மட்டும் கொல்லுகிற மருந்து அது. பயறின் இலை அகன்ற இலை.

நாலாம் நாள் கணபதி ராஜினியின் வாசல் படலைக்கு வந்தார். கையில் வேரோடு பிடுங்கிய பயற்றங்கன்றுகள், இலை சுருண்டு, தண்டு முறுகி. சத்தம் போடவில்லை. "தங்கச்சி, இது என்னன்னு பாருங்க" என்று படலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார். ராஜினிக்குப் பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. அன்றைக்கே கம்பனிக்கு விசயத்தை அறிவித்தாள்.

அன்றிரவே கம்பனியிலிருந்து போன் வந்தது. எங்கள் மாவட்டத்துக்குப் பொறுப்பான அஜந்தன். நல்ல பெடியன், பயம் பிடித்தவன். "அக்கா, ஒருத்தரிட்டையும் 'என்ரை பிழை' எண்டு சொல்லிப் போடாதேங்கோ. எழுத்திலை குடுத்தீங்களெண்டா மெசினைத் தூக்கிப் போடுவாங்கள். ஒப்பந்தத்திலை இருக்கு" என்றான். ஒப்பந்தம் பதினெட்டுப் பக்கம், எல்லாம் ஆங்கிலம். மூன்று வருடத்துக்கு முன் போன் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவள் அதை வாசிக்கவில்லை. நானாக இருந்தாலும் வாசித்திருக்க மாட்டேன்.

கணபதி முறைப்பாட்டை எங்கள் சபைக்குக் கொண்டு வந்தார். எங்கள் முறை இதுதான். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்வார்கள், அந்த இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாமவரை. கணபதி கடைக்காரக் கிருபனைத் தெரிவு செய்தார். ராஜினி என்னைச் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் விமலேஸ்வரி ரீச்சரைத் தலைவராகக் கேட்டோம். அவா ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவா. அவாவுக்கு முன்னால் நான்கூடக் குரலை உயர்த்துவதில்லை.

சனிக்கிழமை காலை, பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்பு. சின்ன வாங்குகளில் பெரிய மனிதர்கள் முழங்கால் இடிபட இருந்தோம். பரமலிங்கமும் வந்திருந்தார். கம்பனி ஆளை அனுப்பவில்லை, கடிதம் அனுப்பியிருந்தது. ரீச்சர் முதலில் ஒப்பந்தத்தை வாசித்துத் தமிழில் சொன்னா. பதினோராம் பிரிவு: பறக்கவிடுபவரே எல்லையைச் சரிபார்க்க வேண்டும். பதினாலாம் பிரிவு: கம்பனியின் அனுமதி இல்லாமல் பறக்கவிடுபவர் வெளியாருக்குப் பிழையை எழுத்தில் ஒப்புக்கொண்டால், கம்பனி இயந்திரத்தைத் திரும்ப எடுக்கலாம்.

பிறகு கடிதம். மென்பொருள் சரியாகவே வேலை செய்தது என்றது. ஆனாலும், யார் பக்கமும் பிழை என்று கொள்ளாமல், "திரு. பரமலிங்கம் அவர்களின் காணியில் ஏற்பட்ட சேதத்துக்கு" நல்லெண்ணமாக ஒரு நட்டஈடு, பதிவிலுள்ள காணிக்காரரான திரு. பரமலிங்கத்துக்கு வழங்கப்படும் என்றது.

கிருபன் சிரித்துவிட்டான். "செத்தது கணபதியண்ணையின்ரை பயறு. காசு பரமலிங்கத்தாருக்கோ?"

பரமலிங்கம் கூடாத மனிதர் இல்லை. "நான் ஏன் வைச்சிருக்கப் போறன்? வாங்கி அப்பிடியே கணபதியிட்டைக் குடுக்கிறன். காணி என்ரை பேரிலை, படமும் என்ரை பேரிலை. அவங்களுக்கு வேறை என்ன தெரியும்?" என்றார்.

அங்கேதான் நான் என் முப்பத்தொரு வருடத்தைக் காட்டினேன். கூட்டத் தீர்மானப் புத்தகத்தின் பிரதியை எடுத்து மேசையில் வைத்தேன். "பயிர்ச்செய்கைக் கூட்டத்திலை எடுத்த முடிவு சும்மா கதை இல்லை. சட்டத்துக்குக் கீழை எடுத்த முடிவு. இந்தப் போகத்துக்கு அந்த ஏக்கரைச் செய்யிற உரிமை கணபதியினது. ட்ரோனுக்கு ஒரு சட்டம், மருந்துக்கு ஒரு சட்டம், போனிலை போட்ட கையெழுத்துக்கு ஒரு சட்டம். எல்லாம் சரி. ஆனால் பங்கு எண்ட ஒண்டு இருக்கெண்டு அந்தப் படத்துக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை" என்றேன். பெருமையாக இருந்தது. ரீச்சரும் தலையாட்டினா.

ஆனால் அதற்குப் பிறகு நான் செய்தது வெட்கக்கேடு. பாம்பும் சாகவேணும், தடியும் முறியக்கூடாது என்று பார்த்தேன். பரமலிங்கம் நட்டஈட்டை வாங்கி கணபதியிடம் கொடுக்கட்டும், யார் பிழை என்று எழுத வேண்டாம், ராஜினியின் மெசின் நிற்கும், கணபதிக்கும் நட்டமில்லை என்றேன். எங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை, இணங்கினால் எழுதலாம், அவ்வளவுதான். இதைவிட நல்ல இணக்கம் எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். பரமலிங்கம் சம்மதித்தார். கிருபனும் சம்மதித்தான்.

"கணபதி, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று ரீச்சர் கேட்டா.

அவர் வாங்கின் விளிம்பைத் தடவினார். "நான் என்னத்தங்க சொல்றது. காசு வேணாங்கல. ஆனா அந்தக் கடுதாசில பாருங்க, பரமலிங்கம் ஐயா நிலத்துல சேதம்னு இருக்கு. அவரு நெல்லு நல்லாத்தானே நிக்குது. செத்தது என் பயிருங்க. முப்பது வருசமா அடுத்தவங்க பேருலயே இருந்துட்டேன். சாகுறதாச்சும் என் பயிரா சாகட்டும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. நல்லாய் முடிந்த விசயத்தைக் குழப்புகிறார் என்ற கோபம். "அப்பிடி எழுதினால், ஆர் அழிச்சது எண்டும் எழுத வேணும் கணபதி. அதை எழுதினால் இந்தப் பிள்ளையின்ரை பிழைப்புப் போகும். விளங்குதோ?" என்றேன்.

"விளங்குதுங்க. அந்தப் புள்ள வாயில மண்ணப் போட எனக்கு மனசு இல்ல. வேணாம்னா விட்டுருங்க" என்று எழும்பினார்.

"இருங்கோ ஐயா" என்றாள் ராஜினி. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் என்னைப் பார்க்கவில்லை, ரீச்சரைப் பார்த்தாள். "எழுதுங்கோ ரீச்சர். பரமலிங்கம் மாமாவின்ரை காணியிலை, பங்குக்கு விட்ட ஏக்கரிலை, கணபதி ஐயா விதைச்ச பயறு. வரம்பு சுத்திப் பாக்காமல் மருந்தடிச்சு அழிச்சது நான். மெசினில்லை, நான்."

"பிள்ளை, யோசிச்சுச் சொல்லு. இஞ்சை வாயாலை சொல்லுறது கோட்டுக்குச் சாட்சியாப் போகாது. எழுதினால்தான் வில்லங்கம்" என்றேன்.

"யோசிச்சுத்தான் சொல்லுறன் ஐயா. வெடி எடுக்கேக்கை பிழையா ஒரு அடி வைச்சால், உடனை கையை உயர்த்திச் சொல்ல வேணும். சொல்லாமல் விட்டால் பின்னாலை வாறவள் சாவாள். எங்கடை ரஜிதா அப்பிடித்தான் செத்தவள். எனக்கு ஒளிக்கத் தெரியாது."

ரஜிதா அவளோடு வேலை செய்தவள் என்பது எனக்குத் தெரியும். எப்படி இறந்தாள் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

இணக்கச் சான்றிதழை எழுத்துக்காரனான என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். முழுக்க எழுதினேன். வாய்க்கால் கடைசிக் காணியை முப்பது வருடமாகப் பயிரிட்டு வருபவரான கணபதி, அந்த முறையில் சிறுபோகப் பங்காகப் பெற்ற ஏக்கரில் விதைத்த பயறு என்றும், அதைத் தன் கவனக்குறைவால் அழித்தது ராஜினி என்றும், அடுத்த போகத்துக்கு விதைப்பயறும் கணபதியின் வயலுக்கு இரண்டு போக மருந்தடிப்பும் ராஜினி பொறுப்பு என்றும் எழுதி, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தினோம். கம்பனியின் நட்டஈடு வேண்டாம் என்று பரமலிங்கமே கடிதம் எழுதினார். அது அவருடைய நல்ல குணம்.

மூன்று கிழமையில் அஜந்தன் வான் வண்டியோடு வந்தான். இறங்கியதும், "அக்கா, நான் ஒண்டும் செய்யேலாமல் போச்சு" என்றான். கண் கலங்கியிருந்தது. ராஜினி ட்ரோனைத் துடைத்து, இறக்கைகளை மடித்து, பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தாள். பற்றரிகளை எண்ணிக் கையெழுத்து வாங்கினாள். வான் போன பிறகு குசினிக்குள் போய் அழுதாள் என்று கிருசாந்தி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு அந்தக் கம்பனி மீதும் கோபம், கணபதி மீதும் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக என் மீது கோபம்.

காலபோகத்தில் ராஜினி முதுகில் தெளிகருவியைக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள். பத்து நிமிடத்தில் முடிந்த ஏக்கருக்கு அரை நாள் சென்றது. வேலைக்கு மட்டும் குறைவில்லை. சான்றிதழில் இருந்தது ஊருக்குத் தெரிந்திருந்தது. "பிழை விட்டால் வந்து சொல்லுவாள்" என்று உடையார்கட்டிலிருந்தும் அவளைத் தேடி வந்தார்கள். கிழமையில் ஆறு நாள் வேலை இருந்தது. ஆனாலும் வருமானம் முன்னையதில் பாதிதான் என்று அவளே சொன்னாள்.

இந்த வருடம் மாசி மாதம் பிரதேச செயலகத்தில், காணி விண்ணப்பங்களை நேரில் விசாரிக்கிற காணிக் கச்சேரி நடந்தது. கணபதியின் விண்ணப்பம் இந்தத் தடவை எப்படியோ மேலே வந்திருந்தது. துணைக்கு வரச்சொல்லி என்னைக் கேட்டார். போனேன். மண்டபம் நிறையச் சனம். காணி உத்தியோகத்தர் அனோஜா, நல்ல சுறுசுறுப்பான பிள்ளை, கோப்பைப் புரட்டினா.

"ஐயா, நீங்கள் முப்பது வருசமாச் செய்யிறியள் எண்டுறீங்கள். ஒரு ரசீது, ஒரு வரிக் கடதாசி, ஒண்டுமில்லை. பக்கத்துக் காணிக்காரர் ஆட்சேபணை குடுத்திருக்கினம். காணி வெறுமையாக் கிடந்தது எண்டுகினம். எழுத்திலை ஏதாவது ஆதாரம் இருக்கோ?"

கணபதி பொலித்தீன் பையிலிருந்து எங்கள் சான்றிதழை எடுத்து நீட்டினார். அனோஜா வாசித்தா. முப்பது வருடமாகப் பயிரிட்டு வருபவர் என்ற வரியைத் திரும்பவும் ஒருமுறை வாசித்தா. "இது மத்தியஸ்த சபை முத்திரை. ஆனால் இது பயறு அழிஞ்ச விசயம் எல்லோ? இதிலை சொல்லியிருக்கிற ராஜினி எண்டது ஆர்? அவா சொன்னது உண்மை எண்டு ஆர் சொல்லுறது?"

பின்வரிசையில் ஒரு கதிரை நிலத்தில் உராய்ந்தது. அவள் வருவாள் என்று கணபதி எனக்குச் சொல்லவில்லை. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். சனத்தை விலக்கிக்கொண்டு நேரே மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கண் நிலத்தில் இல்லை, அனோஜாவின் முகத்தில் இருந்தது.

"நான்தான் ராஜினி. இந்த ஐயாவின்ரை பயிரை அழிச்சது நான்தான், மிஸ்" என்றாள். "எழுதிக்கொள்ளுங்கோ."

அனோஜா பேனையை எடுத்து எழுதினா.